விட வேண்டிய மீனும் கொல்ல வேண்டிய மீனும்

மக்கா, மீன் பிடிக்கறதப் பத்தி எழுதப் போறேன்னு சொன்னதுமே "பொட்டி தட்டறவனுக்கு இதெல்லாம் தேவையா"ன்னு நினைப்பீங்க. தேவைதான். வாரத்துல அஞ்சு நாள் ஆணி புடுங்கிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல பெங்களூர் டீமோட போன்ல "கேக்குதா, கேக்குதா"ன்னு கத்திட்டு இருக்கறவனுக்கு, செல்போன் சிக்னலே எட்டிப் பார்க்காத ஒரு ஆறு எவ்வளவு பெரிய வரம்னு அனுபவிச்சாத்தான் தெரியும்.

இது "நான் எவ்ளோ பெரிய மீன் பிடிச்சேன் தெரியுமா" பதிவு இல்லை. பெருசா ஒண்ணும் பிடிக்கவும் இல்லை :-) ஒரு ஆத்துல இருக்கற ஒரு சட்டத்தப் பத்தின பதிவு. அந்த சட்டம் என்னைக் கொஞ்ச நாளா தூங்க விடாம பண்ணுது. அதுக்கு முன்னாடி இந்த ஃப்ளை ஃபிஷிங்னா என்னன்னு சொல்லிடறேன். தெரிஞ்சவங்க ரெண்டு பத்தி தாண்டிக்கோங்க.

நம்ம ஊர் தூண்டில் எல்லாருக்கும் தெரியும். மூங்கில் கம்பு, நரம்பு, தக்கை, கொஞ்சம் ஈயம், முள்ளுல மண்புழு. ஈயத்தோட கனம் நரம்பை இழுத்துட்டுப் போய் தண்ணியில போடும். ஃப்ளை ஃபிஷிங்ல ஈயமும் இல்லை, புழுவும் இல்லை. சின்ன முள்ளுல மான் மயிர், கோழி இறகு, நூல் எல்லாம் சுத்தி ஒரு பொய்ப் பூச்சி செஞ்சிருப்பாங்க. அதுக்கு கனமே கிடையாது, கையில வச்சு ஊதினா பறந்துடும். அதை எப்படி முப்பது அடி தூரம் எறியறது? அதனால நரம்பையே கனமா செஞ்சுட்டாங்க. ஒன்பது அடி கம்பை சாட்டை மாதிரி பின்னாடி வீசணும். நரம்பு பின்னால முழுசா நீளற வரைக்கும் காத்திருக்கணும். அப்புறம் முன்னாடி வீசணும். அவசரப்பட்டா பட்டுன்னு சாட்டைச் சத்தம் கேக்கும், பூச்சி அறுந்து எங்கயோ போயிருக்கும்.

எனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது ஆபீஸ்ல பக்கத்து சீட்டு அமெரிக்கர். அறுபது வயசைத் தொட்டவர். நான் 'பெருசு'ன்னுதான் சொல்வேன் (தமிழ் தெரியாதுங்கற தைரியம்தான்). மூணு மாசம் அபார்ட்மெண்ட் புல்வெளியில, பூச்சிக்குப் பதிலா ஒரு துண்டு உல்லன் நூலைக் கட்டி வீச வச்சார். மாடியிலேர்ந்து பார்த்த ஆன்ட்டிகள் எல்லாம் பையனுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு முடிவு பண்ணிட்டாங்க. "மீன் பிடிக்கறது கடைசியில வர்ற விஷயம், முதல்ல காத்திருக்கப் பழகு"ம்பார். மீன் எப்பவும் நீரோட்டத்தை எதிர்த்து மூஞ்சியை வச்சுக்கிட்டு, கல்லு மறைவுல சோம்பேறித்தனமா நிக்கும். மேலேர்ந்து மிதந்து வர்ற பூச்சி வாய்க்கு நேரா வந்தா மட்டும் மேல வரும். நம்ம பொய்ப் பூச்சியும் அதே மாதிரி, நரம்பு இழுக்காம, தன்னால மிதந்து போகணும். கொஞ்சம் இழுபட்டாலும் மீன் கண்டுபிடிச்சுடும். இதுக்கு ரத்தக் கொதிப்பு இல்லாத மனுசன் வேணும்.

சரி, ஆத்துக்கு வருவோம்.

போன ஆகஸ்ட்ல நானும் என் ரூம்மேட்டும் சால்ட் லேக் சிட்டியிலேர்ந்து கிளம்பி யெல்லோஸ்டோன் பூங்காவோட வடகிழக்கு மூலைக்குப் போனோம். கிட்டத்தட்ட ஒரு முழு நாள் கார் ஓட்டணும். லமார்னு ஒரு ஆறு. ரெண்டு பக்கமும் மலை, நடுவுல விரிஞ்ச புல்வெளி, அதுல நூத்துக்கணக்கில காட்டெருமை. 1995-ல ஓநாய்களைத் திரும்பக் கொண்டு வந்து விட்ட பள்ளத்தாக்கு இதுதான். 2022 ஜூன்ல வந்த வெள்ளத்துல இந்தப் பக்கத்து ரோடு பல இடத்துல அடிச்சுக்கிட்டுப் போச்சு, அக்டோபர்லதான் திரும்பத் திறந்தாங்க. இப்பவும் கரையோரத்துல அந்த வெள்ளம் கொண்டு வந்து போட்ட மரங்கள் கிடக்கு.

ரோட்டோரமாவே மீன் பிடிக்கலாம், ஆனா அங்க கூட்டம். நாங்க முதல் நாள் ஆத்தை ஒட்டின ஒத்தையடிப் பாதையில மேல மூணு மைல் நடந்து, கேச் க்ரீக்னு ஒரு ஓடை வந்து சேர்ற எடத்துக்குப் போனோம். இடுப்புல கரடி ஸ்ப்ரே. கரடிக்கு நம்ம வர்றது முன்னாடியே தெரியணும், திடுக்குனு எதிர்ல போய் நிக்கக் கூடாதுன்னு சத்தமா பேசிக்கிட்டே நடக்கணும்னு விதி. எங்களுக்கு அதுல ஒரு கஷ்டமும் இல்லை. ரஜினியா கமலான்னு ஆரம்பிச்சோம், மூணு மைலுக்குள்ள ஒரு கரடியும் பக்கத்துல வரலை.

அங்க நிக்கறப்போ காத்து, தண்ணி, வெட்டுக்கிளி, இது மூணு சத்தம்தான். ஆகஸ்ட்ல அந்தப் புல்வெளி முழுக்க வெட்டுக்கிளி. காத்தடிச்சா தண்ணியில விழும், மீனுக்குத் தீபாவளி. நானும் வெட்டுக்கிளி மாதிரி ஒரு பூச்சியைக் கட்டி வீசினேன். ஒரு மணி நேரம் ஒண்ணும் இல்லை. அப்புறம் ஒரு பாறைக்குப் பின்னாடி, தண்ணிக்கு அடியிலேர்ந்து தங்க நிறத்துல ஒண்ணு எழும்பி வந்துச்சு. அவசரமே இல்லாம, நம்ம ஊர் மாமா கல்யாணப் பந்தியில வந்து உக்கார்ற மாதிரி வந்து, வாயைத் திறந்து, பூச்சியை மூடிச்சு. "உடனே இழுக்காத, அது வாயை மூடிட்டு கீழ திரும்பட்டும்"னு பெருசு சொன்னது காதுல கேட்டுச்சு. ஒண்ணு, ரெண்டு எண்ணி கம்பைத் தூக்கினேன். மாட்டிக்கிச்சு.

ஒன்னேகால் அடி இருக்கும். உடம்பெல்லாம் வெண்ணெய் மாதிரி மஞ்சள், வால் பக்கம் போகப் போக கறுப்புப் புள்ளி அதிகம். தாடைக்குக் கீழ ரெண்டு பக்கமும் செக்கச்செவேல்னு ஒரு கோடு, கத்தியால கீறின மாதிரி. அதனாலதான் இதுக்கு கட்த்ரோட்னு பேர், அதாவது கழுத்தறுபட்ட மீன். இந்த ஆத்தோட சொந்தக்காரன் இவன்தான். பூங்காவுல 2001-லேர்ந்து இவனைப் பிடிச்சா கண்டிப்பா திரும்ப விட்டுடணும். முள்ளுல உள்பக்கமா திரும்பி நிக்கிற அந்தக் குட்டி முள் இருக்கக் கூடாது, இருந்தா இடுக்கியால நசுக்கிடணும். அப்பத்தான் சுலபமா கழட்ட வரும். கையை நனைச்சுக்கணும், இல்லேன்னா மீன் மேல இருக்கற வழுவழுப்பு போயிடும், அதுக்கு நோய் வந்துடும். தண்ணியை விட்டு வெளிய எடுக்காம, மூஞ்சியை நீரோட்டத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டு நிக்கணும். கொஞ்ச நேரத்துல அது வாலை ஒரு ஆட்டு ஆட்டிட்டுப் போயிடும். போயிடுச்சு. அன்னிக்கு இதே மாதிரி ஆறு மீன்.

ராத்திரி தங்கற எடத்துல வைஃபை கிடைச்சதும் அப்பாவுக்கு போட்டோ அனுப்பினேன். அப்பா தாமிரபரணிக்காரர். சேரன்மாதேவிப் பக்கம் கெண்டையும் கெளுத்தியும் ஆராலும் பிடிச்சு வளர்ந்தவர். உடனே போன்.

"ஏல, நல்ல மீனால்லா இருக்கு. கொழம்பு வச்சியா?"

"இல்லப்பா, விட்டுட்டேன். விடணும்னு சட்டம்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "திங்கப் புடிச்சா சரி. வலைய அறுத்துட்டுப் போனாலும் சரி. வாயில குத்தி இழுத்துட்டு, பாத்துட்டு, விடுததுக்கா இம்புட்டு தூரம் போன? அது பாவம்லா?"

என்கிட்ட பதில் இல்லை. சொல்லப் போனா அப்பா கேட்டது சின்னக் கேள்வியும் இல்லை. 2003-ல லின் ஸ்னெட்டன் அப்படிங்கற விஞ்ஞானியும் அவங்க கூட இருந்தவங்களும் ரெயின்போ டிரவுட் மீனை வச்சே ஆராய்ச்சி பண்ணி, அதோட உதட்டுலயும் மூஞ்சியிலயும் வலியை உணர்ற நரம்பு முனைகள் இருக்குன்னு காட்டினாங்க. மீனோட மூளைக்கு அது நமக்கு வலிக்கற மாதிரி வலிக்குதான்னு இன்னிக்கும் சண்டை நடக்குது. சுவிட்சர்லாந்துல விடணும்ங்கற நோக்கத்தோட மீன் பிடிக்கறதே சட்டப்படி தப்பு. அதாவது சேரன்மாதேவியில எங்கப்பா சொன்னதைத்தான் அந்த நாட்டு சட்டமும் சொல்லுது!

இந்தப் பக்கத்து நியாயமும் ஒண்ணு இருக்கு. வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான பேர் பிடிக்கற ஆத்துல எல்லாரும் எடுத்துட்டுப் போய் குழம்பு வச்சா ரெண்டே வருஷத்துல ஆறு காலி. விட்டாத்தான் மீன் இருக்கும். பிடிக்கறவன் இருந்தாத்தான் அந்த ஆத்துக்காகக் கத்த ஆள் இருக்கும். சரியான நியாயம்தான். ஆனா இது "ஏன் விடற"ங்கறதுக்குத்தான் பதில். "ஏன் பிடிக்கற"ங்கறதுக்கு இல்லை.

இந்தக் குழப்பத்தோடதான் ரெண்டாம் நாள் ஆத்துல இறங்கினேன். அன்னிக்கு நடக்கத் தெம்பில்லாம கீழ பள்ளத்தாக்குலயே நின்னோம். இப்போ அந்த சட்டம்.

லமார் ஆத்துல, பாலத்துக்கு மேல இருக்கற பகுதி முழுக்க, கட்த்ரோட் பிடிச்சா விடணும். ரெயின்போ டிரவுட் பிடிச்சா கொன்னே ஆகணும். கட்த்ரோட்டும் ரெயின்போவும் கலந்து பிறந்த மீன்னு அடையாளம் தெரிஞ்சா அதையும் கொன்னே ஆகணும். "வேணும்னா எடுத்துக்கலாம்" இல்லை. உயிரோட திரும்ப விடறதுதான் குத்தம். 2014-லேர்ந்து இப்படி.

மத்தியானம் ஒரு மீன் மாட்டிச்சு. கட்த்ரோட் மாதிரி சாவகாசமா வரலை, பாய்ஞ்சு வந்து அடிச்சுது. ரெண்டு தடவை தண்ணிக்கு மேல குதிச்சுது. பக்கத்துல கொண்டு வந்து பார்த்தா, தாடைக்குக் கீழ சிவப்புக் கோடு இருக்கு! ஆனா வெளிறிப் போய், ஆரஞ்சு மாதிரி. தலை முழுக்கப் புள்ளி. அடிவயித்துத் துடுப்போட நுனியில வெள்ளையா ஒரு ஓரம். ரெயின்போ அடையாளம். உடம்போட பக்கவாட்டுல லேசா ரோஜா நிறத்துல ஒரு பட்டை.

ரூம்மேட் செல்போன்ல சேமிச்சு வச்சிருந்த படத்தையும் மீனையும் மாத்தி மாத்திப் பார்த்தான். "டேய், கோடு இருக்குடா." "துடுப்பைப் பாருடா." "அப்ப ரெண்டுமா?" "ரெண்டும்தான்." மீன் என் கையில, தண்ணிக்குள்ள, செவுளை அசைச்சுக்கிட்டு இருக்கு. கலப்புதான். ரெண்டு பேருக்கும் சந்தேகம் இல்லை. ஆனா சந்தேகமா இருக்கக் கூடாதான்னு ஒரு ஆசை வந்துச்சு பாருங்க, அது நிஜம். முந்தின நாள் இதே கை, இதே மாதிரி ஒரு மீனை, குழந்தையைக் குளிப்பாட்டற மாதிரி பிடிச்சு நின்னுச்சு.

ஒரு தட்டையான கல்லை எடுத்து, தலையில ஒரே அடி. முடிஞ்சுது.

சின்ன வயசுல அப்பா கூட எத்தனையோ மீன் செத்துப் பார்த்திருக்கேன், குழம்புக்குன்னு இருக்கறப்போ ஒண்ணுமே தோணினதில்லை. இது வேற மாதிரி இருந்துச்சு. ரூம்மேட் சூழ்நிலையை லேசாக்கறேன்னு, "வெளியூர்லேர்ந்து வந்து, உள்ளூர்க்காரனோட கலந்தா அடிச்சுக் கொல்லணும்னு சட்டம்... டேய், நம்ம விசா பேப்பர் எல்லாம் சரியா இருக்குல்ல?"ன்னான். ரெண்டு பேரும் சிரிச்சோம். ஆனா அந்த ஜோக் ராத்திரி முழுக்க நெஞ்சுல முள்ளு மாதிரி நின்னுச்சு. வீட்டுக்கு வந்து கொஞ்சம் படிச்சேன்.

ரெயின்போ தானா இங்க வரலை. 1889-ல இந்தப் பூங்காவைப் பார்த்துக்கிட்டது ராணுவம். அப்போ பொறுப்புல இருந்தவர் பூட்டெல்னு ஒரு கேப்டன், மீன் பிடிக்கறதுல ஆசை உள்ளவர். இவ்ளோ அழகான ஓடைகள்ல பாதிக்குப் பக்கத்துல மீனே இல்லையே, வர்ற சுற்றுலாப் பயணி ஓட்டலுக்குப் பக்கத்துலயே தூண்டில் போட வசதியா இருக்கணும்னு அரசாங்கத்துக்கிட்ட மீன் கேட்டார். வந்துச்சு. கலிஃபோர்னியாப் பக்கத்து ரெயின்போ, கிழக்குப் பக்கத்து ப்ரூக் டிரவுட், ஐரோப்பாவோட பிரவுன் டிரவுட்னு வரிசையா. 1950கள் வரைக்கும் இந்தப் பூங்காவுல விட்ட மீன் மொத்தம் 30 கோடிக்கு மேல. நல்ல எண்ணத்துலதான் பண்ணினாங்க. எவனோ நல்ல எண்ணத்துல போட்ட கோடு, நூறு வருஷம் கழிச்சு நம்ம தலையில பக்-கா வந்து விழறது நமக்குத் தெரியாதா என்ன :-(

ரெயின்போவும் கட்த்ரோட்டும் கலந்து பிறக்கற குட்டிக்கும் குட்டி பிறக்கும். அதனால கலப்பு ஒரு தலைமுறையோட நிக்காது. கொஞ்சம் கொஞ்சமா ஆறு முழுக்கப் பரவி, ஒரு நாள் சுத்தமான கட்த்ரோட் ஒண்ணு கூட இருக்காது. பல ஆறுகள்ல ஏற்கனவே அப்படித்தான் ஆயிடுச்சு. லமாரோட துணை ஆறான சோடா பியூட் ஓடையில ப்ரூக் டிரவுட் புகுந்து பெருகினப்போ, 2015-லயும் 2016-லயும் முதல்ல கட்த்ரோட்டை எல்லாம் முடிஞ்ச வரைக்கும் பிடிச்சுக் காப்பாத்தி வச்சுட்டு, மீதி ஓடைக்கு ரொட்டெனோன்கற மீன் விஷத்தைப் போட்டாங்க. செடி வேர்லேர்ந்து எடுக்கறது. நம்ம ஊர்ல காக்காய்க்கொல்லி விதையை இடிச்சு தண்ணியில கலக்குவாங்களே, அந்த மாதிரி. அப்புறம் கட்த்ரோட்டைத் திரும்ப விட்டாங்க.

கலக்கலைன்னாலும் ஆபத்துதான். யெல்லோஸ்டோன் ஏரியில 1994-ல ஒருத்தர் தூண்டில்ல லேக் டிரவுட்னு ஒரு மீன் மாட்டிச்சு. அந்த ஏரியில இருக்கவே கூடாத மீன். யாரோ திருட்டுத்தனமா விட்டிருக்கணும். அது கட்த்ரோட்டைத் தின்னே பெருகிச்சு. அந்த ஏரிக்கு வந்து விழற கிளியர் க்ரீக்னு ஒரு ஓடையில, முட்டை போட ஏறி வர்ற கட்த்ரோட்டை எண்ணுவாங்க. 1970களோட கடைசியில 70,000-க்கு மேல இருந்த எண்ணிக்கை 2007-ல 538. கட்த்ரோட் ஓடையில ஏறி வரும், அதனால கரடியும் நீர்நாயும் மீன்பிடிப் பருந்தும் அதை நம்பி இருந்துச்சு. லேக் டிரவுட் ஆழத்துலயே கிடக்கும், ஓடைப் பக்கம் வராது, கரடிக்கு எட்டாது. ஒரு மீன் போனதுல ஒரு காடே பட்டினி. இதுவரைக்கும் 40 லட்சத்துக்கு மேல லேக் டிரவுட்டை வலை போட்டு எடுத்திருக்காங்க, இப்பத்தான் கட்த்ரோட் மெல்ல எழுந்திருக்கு.

நம்ம ஊரும் ஒண்ணும் குறைச்சல் இல்லை. ஊட்டிப் பக்கம் அவலாஞ்சியில டிரவுட் பொரிப்பகம் வச்சு வெள்ளைக்காரன் விட்டதும் இதே விளையாட்டுக்குத்தான். ஆப்பிரிக்காவுலேர்ந்து 1952-ல இந்தியாவுக்கு வந்த ஜிலேபி மீன் இல்லாத குளம் தமிழ்நாட்டுல எங்க இருக்கு? அப்பா சின்ன வயசுல பிடிச்ச வகைகள் பாதி இப்போ தூண்டில்ல வர்றதே இல்லைம்பார்.

இன்னொண்ணும் படிச்சேன். அதுதான் ரூம்மேட் ஜோக்குக்கு பதில். இந்த "உள்ளூர்" கட்த்ரோட்டும் ஒரு காலத்துல வெளியூர்தான்! பசிபிக் பக்கத்து ஆறுகள்ல இருந்த மீன். பனிப்பாறைகள் உருகின பிறகு, டூ ஓஷன் பாஸ்னு ஒரு கணவாய்ல, ஒரே ஓடை ரெண்டாப் பிரிஞ்சு ஒரு கிளை பசிபிக்குக்கும் இன்னொண்ணு அட்லாண்டிக்குக்கும் போற எடத்துல, மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துச்சுன்னு சொல்றாங்க. வந்து பல ஆயிரம் வருஷம் ஆச்சு. கரடியும் பருந்தும் நீர்நாயும் அதைச் சுத்திப் பழகிடுச்சு.

அதனால அந்தச் சட்டத்தை 'வந்தேறி'ங்கற கணக்குல படிக்கக் கூடாதுன்னு எனக்குத் தோணுது. என் கையில செத்த மீன் எந்தத் தப்பும் பண்ணலை. அந்த ஆத்துலயே பிறந்து, அந்த ஆத்து வெட்டுக்கிளியைத் தின்னு வளர்ந்த மீன். அது செத்தது தண்டனையும் இல்லை. யாரோ ஒரு நாள் ஜாலிக்கு வாங்கின கடனுக்கு அது கட்டின வட்டி. அந்த 'யாரோ' யாருன்னு பார்த்தா, வாட்டர்ப்ரூஃப் பேண்ட் போட்டுக்கிட்டு கம்போட ஆத்துல நிக்கற என்னை மாதிரி ஆசாமிதான். மீன் பிடிக்கற ஆசையாலதான் இத்தனை மீன் வந்துச்சு. இப்போ ஆத்தைக் காப்பாத்தற வேலையையும் அதே ஆசைக்காரன் கையிலதான் குடுத்திருக்காங்க. அந்த வேலைக்கு ஒரு கல்லும் வேணும்.

"ஏன் பிடிக்கற"ங்கறதுக்கு இன்னும் முழு பதில் கிடைக்கலை. ஆனா ஒண்ணு, முதல் நாள் ஆறு மீனை விட்டப்போ நான் ரொம்ப நல்லவனா உணர்ந்தேன். ரெண்டாம் நாள் அப்படி இல்லை. ரெண்டாவது நாள்தான் ஆத்தோட நிலைமைக்குக் கொஞ்சம் பக்கத்துல இருந்தேன்னு தோணுது.

மீனை என்ன பண்ணினோம்னு கேப்பீங்க. ராத்திரி தங்கின கேபின்ல மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சை தடவி வறுத்தோம். உள்ள சதை ஆரஞ்சு நிறம், முள் கம்மி, சுவை அருமை. ஒரு துண்டு கூட மிச்சம் வைக்கலை. அந்த மீனுக்கு நான் பண்ண முடிஞ்ச ஒரே மரியாதை அது.

இந்தப் பூங்காவுல 1973-லேர்ந்து ஒரு வழக்கம் இருக்கு. மீன் பிடிச்சவங்களே எந்த ஆறு, எத்தனை மணி நேரம், எந்த மீன், எவ்ளோ நீளம்னு எழுதிக் குடுக்கற அறிக்கை. சாப்பிட்டு முடிச்சு அதுக்கான கணக்கை எழுதி வச்சேன். லமார், ரெண்டு நாள், பதினோரு மணி நேரம். கட்த்ரோட் 6, விட்டது. கலப்பு 1, கொன்றது. நீளம் 13 அங்குலம்.